சவ்வு வடித்த தண்ணீரும் மிச்சத் தண்ணீரும்

கோவையில் ஒரு வீட்டுக்குள் நூறு லிட்டர் தண்ணீர் போனால், ஏறக்குறைய எண்பது லிட்டர் கழிவுநீராக வெளியே வந்துவிடும். கழிவுநீர்த் திட்டம் போடும் பொறியாளர்கள் வழக்கமாக எடுத்துக்கொள்ளும் கணக்கு இது. குளித்தது, துவைத்தது, பாத்திரம் கழுவியது, கக்கூஸில் ஊற்றியது எல்லாம் சேர்ந்துதான் அந்த எண்பது. கிட்டே நிற்க முடியாத நாற்றம் அடித்தாலும், அதில் 99.9 சதவீதம் வெறும் தண்ணீர். மீதி 0.1 சதவீதத்தோடுதான் இத்தனை மல்லுக்கட்டும்.

கொங்குச் சீமை மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவுப் பக்கம். தென்மேற்குப் பருவமழை சிறுவாணி மலையில் கொட்டித் தீர்த்துவிட்டு, பல்லடத்துக்கும் காங்கேயத்துக்கும் காற்றை மட்டும் அனுப்பி வைக்கும். ஆயிரம் அடி போர் போட்டும் புழுதி பறந்த கதை இங்கே எல்லா ஊரிலும் உண்டு. பவானியின் உபரி நீரைக் குளங்களுக்குக் கொண்டுவரும் அத்திக்கடவு–அவிநாசித் திட்டத்துக்காகத் தலைமுறை தலைமுறையாகக் கேட்டு, கடைசியில் 2024-இல்தான் அது திறக்கப்பட்டது. அந்தத் தண்ணீரும் பவானியில் உபரி ஓடினால்தான் வரும். மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் தினமும் தவறாமல் வருகிற தண்ணீர் என்று பார்த்தால், அது சாக்கடைத் தண்ணீர் ஒன்றுதான்.

அதைத் திரும்ப நல்ல தண்ணீராக்கும் வழிகளில் இப்போது அதிகம் அடிபடுவது சவ்வு வடிகட்டல். வீட்டு ஆர்.ஓ. இயந்திரத்தைப் பார்க்க வருபவர் "மெம்பரேன் போயிருச்சுங்க, மாத்தோணும்" என்பாரே, அதே சாமான்தான். அது எப்படி வேலை செய்கிறது, எங்கே திணறுகிறது, நம் பக்கத்துக்கு எவ்வளவு பொருந்தும் என்பதை முதல்முறை கேட்பவருக்கும் விளங்குகிற மாதிரி சொல்லப் பார்க்கிறேன்.

ஒன்றை மட்டும் இப்போதே சொல்லிவிடலாம். சவ்வு எந்த அழுக்கையும் அழிப்பதில்லை. வருகிற தண்ணீரை இரண்டு பங்காகப் பிரிக்கிறது. ஒரு பங்கு தெளிந்த தண்ணீர். இன்னொரு பங்கில், முதல் பங்கிலிருந்து விலக்கிய அத்தனையும் இருக்கும். விற்க வருபவர்கள் முதல் பங்கைக் கண்ணாடித் தம்ளரில் பிடித்துக் காட்டுவார்கள். கடல் இல்லாத ஊர்க்காரர்களாகிய நாம் முதலில் விசாரிக்க வேண்டியது இரண்டாவது பங்கைத்தான்.

அந்தத் தண்ணீரில் என்ன இருக்கிறது

கண்ணுக்குத் தெரிகிற குப்பை, மணல், முடி, எண்ணெய்ப் பிசுக்கு இதெல்லாம் முதல் வகை. இரண்டாவது, கரைந்தும் மிதந்தும் இருக்கிற மலம், உணவுத் துணுக்கு, சோப்பு போன்ற கரிமப் பொருட்கள். இவற்றைத் தின்ன நுண்ணுயிர்களுக்கு எவ்வளவு ஆக்சிஜன் தேவைப்படும் என்று அளப்பதுதான் பி.ஓ.டி. என்கிற கணக்கு. நகரக் கழிவுநீரில் இது லிட்டருக்கு 200 முதல் 300 மில்லிகிராம் வரை இருப்பது சகஜம். அந்தத் தண்ணீரை அப்படியே குளத்தில் விட்டால் அங்குள்ள ஆக்சிஜனையெல்லாம் கிருமிகள் தின்று தீர்த்துவிடும், மீன் செத்து மிதக்கும். மூன்றாவது, தழைச்சத்தும் மணிச்சத்தும், அதாவது நைட்ரஜனும் பாஸ்பரசும். கோவைக் குளங்களில் ஆகாயத்தாமரை அப்படிப் பச்சைக் கம்பளமாய்ப் பரவுவதற்கு இந்த இரண்டும்தான் தீனி. நான்காவது, நோய்க் கிருமிகள்.

ஐந்தாவதாக வருகிற கரைந்த உப்பைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். நம் வீடுகளில் பெரும்பாலும் இரண்டு குழாய். நல்ல தண்ணி ஒன்று, உப்புத் தண்ணி ஒன்று. சிறுவாணித் தண்ணீரில் உப்பு மிகமிகக் குறைவு. போர்த் தண்ணீரில் டி.டி.எஸ்., அதாவது ஒரு லிட்டரில் கரைந்திருக்கும் உப்பின் மில்லிகிராம் கணக்கு, ஆயிரத்தைத் தாண்டும், சில இடங்களில் இரண்டாயிரத்தையும் தாண்டும். இந்த இரண்டும் வீட்டுக்குள் வரும்போதுதான் தனித்தனி. வெளியே போகும்போது ஒரே சாக்கடை. குளிக்கவும் துவைக்கவும் போர்த் தண்ணீரைத்தான் அதிகம் செலவழிக்கிறோம் என்பதால், சாக்கடையின் உப்பைத் தீர்மானிப்பது சிறுவாணி இல்லை, போர்தான். இது போக, மனிதர்கள் ஒருமுறை புழங்கினாலே தண்ணீரில் லிட்டருக்கு இருநூறு, முந்நூறு மில்லிகிராம் உப்பு கூடிவிடும். சிறுநீர், சமையல் உப்பு, சோப்புத்தூள் எல்லாம் கணக்கில் வரும். கடினநீரை மென்மையாக்கும் 'சாஃப்ட்னர்' இயந்திரம் வைத்திருக்கும் அடுக்ககங்களில், அதைக் கழுவப் போடும் கல் உப்பும் சேர்ந்துகொள்ளும்.

இந்த ஐந்தையும் எடுக்க ஒரே சவ்வு போதாது. ஐந்தையும் எடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

கிருமிகள் செய்யும் வேலை

சவ்வு என்றதும் சாக்கடையை நேரே அதன் வழியாக ஊற்றி வடிக்கிறார்கள் என்று நினைத்துவிடக் கூடாது. அப்படிச் செய்தால் ஒரு மணி நேரம்கூடத் தாங்காது. பெரும்பகுதி வேலையைச் செய்வது நுண்ணுயிர்கள். பெரிய தொட்டியில் கழிவுநீரை நிரப்பி, அடியிலிருந்து காற்றை ஊதிக்கொண்டே இருப்பார்கள். காற்று கிடைத்த கிருமிகள் கரிமப் பொருளைத் தின்று பெருகி, பழுப்பு நிறத் திட்டுத் திட்டாகச் சேரும். இதைத்தான் சேறு, கசடு, ஸ்லட்ஜ் என்று பல பெயரில் சொல்கிறார்கள். நன்றாக ஓடுகிற தொட்டியின் பக்கத்தில் போய் நின்றால் சாக்கடை நாற்றம் வராது. ஈர மண்ணின் வாசம்தான் வரும். அழுகிய முட்டை வாடை வந்தால் காற்று போதவில்லை என்று அர்த்தம்.

பழைய முறையில் இதற்கடுத்து ஒரு தெளியவைக்கும் தொட்டி இருக்கும். கசடு அடியில் படியும், மேலே தெளிந்த தண்ணீர் வழியும். உக்கடத்தில் நாளொன்றுக்கு 7 கோடி லிட்டர் கொள்ளளவில் உள்ள நிலையத்தில் தனித் தொட்டி இல்லாமல், ஒரே தொட்டியில் முறைவைத்துக் காற்று ஊதுவதும் தெளியவைப்பதும் நடக்கும். எப்படியானாலும் நம்பியிருப்பது புவியீர்ப்பை. கசடு கனமாக இருந்தால் படியும். கிருமிக் கூட்டத்தில் இழை இழையாக வளரும் வகை அதிகமாகிவிட்டால் கசடு பஞ்சு மாதிரி உப்பி மிதக்கும், தெளிந்த தண்ணீரோடு சேர்ந்து வெளியே ஓடிவிடும். நிலையத்தை நடத்துபவர்களுக்கு இது தீராத தலைவலி.

தெளியவைக்கும் தொட்டியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் சவ்வை வைத்தால் என்ன? அதுதான் எம்.பி.ஆர். என்கிற சவ்வு உயிர்த்தொட்டி. கசடு படிகிறதா, மிதக்கிறதா என்ற கவலை இல்லை. எதுவானாலும் சவ்வின் இந்தப் பக்கமே நிற்கும். படியவைக்கும் கட்டாயம் இல்லாததால் தொட்டியில் கிருமிகளை அடர்த்தியாகவும் வளர்க்கலாம். பழைய முறையில் லிட்டருக்கு 3,000, 4,000 மில்லிகிராம் கசடு என்றால், இதில் 8,000 முதல் 12,000 வரை வைத்து ஓட்டுகிறார்கள். அதே வேலைக்குச் சின்னத் தொட்டி போதும். சதுர அடிக்கு விலை பேசும் கோவையில் அடுக்ககங்களின் அடித்தளத்தில் இந்த முறை இடம்பிடித்ததற்கு இதுதான் காரணம்.

எவ்வளவு பொடித் துளை?

ஒரு தலைமுடியின் தடிமன் ஏறக்குறைய 50 முதல் 100 மைக்ரான். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. சாக்கடையில் வாழும் ஈ.கோலி பாக்டீரியா ஒன்றிரண்டு மைக்ரான் நீளம் இருக்கும். வைரஸ் அதைவிடப் பொடி, 0.02 மைக்ரானிலிருந்தே தொடங்கும்.

நுண்வடிகட்டிச் சவ்வின் துளை 0.1 மைக்ரான் அளவில். அதற்கடுத்த அல்ட்ரா வடிகட்டி 0.01 மைக்ரான் வரை போகும். முதலாவது பாக்டீரியாவைத் தடுத்துவிடும். இரண்டாவதில் வைரஸ்களும் பெரும்பாலும் நின்றுவிடும். எம்.பி.ஆர். தொட்டிகளில் வைப்பது இந்த இரண்டுக்கும் நடுவிலான சவ்வு. இன்னும் கீழே போனால் நானோ வடிகட்டி. கால்சியம், மெக்னீசியம் போன்ற, தண்ணீரைக் கடினமாக்கும் உப்புகளில் பெரும்பங்கை அது நிறுத்தும். கடைசியில் ஆர்.ஓ. அதில் துளை என்று சொல்லும்படி எதுவும் இல்லை. நீர் மூலக்கூறுகள் அந்தப் பொருளுக்குள்ளேயே புகுந்து நகர்ந்து மறுபக்கம் போய்ச் சேரும்.

எம்.பி.ஆரில் அதிகம் புழங்குவது இழைச் சவ்வு. ஒரு இழையைக் கையில் எடுத்துப் பார்த்தால், வெள்ளையாக, ஏறக்குறைய இரண்டு மில்லிமீட்டர் தடிமனில், நடுவில் குழலாக இருக்கும். இப்படி ஆயிரக்கணக்கான இழைகளை ஒரு சட்டத்தில் நெருக்கமாகக் கட்டி, கசடுத் தொட்டிக்குள் அப்படியே முக்கி வைத்துவிடுவார்கள். இழைகளின் முனைகள் ஒரு குழாயில் சேரும். அந்தக் குழாயை ஒரு பம்பு மெதுவாக உறிஞ்சும். வெளியே கருப்பட்டிக் காப்பி நிறத்தில் கசடு கொதித்துக்கொண்டிருக்க, இழையின் சுவர் வழியாகத் தண்ணீர் மட்டும் உள்ளே புகுந்து, குழல் வழியே மேலேறி, தெளிவாக வெளியே வரும். முதல்முறை பார்க்கிறவர்கள் இதை நம்ப மாட்டார்கள். ஒரே தொட்டிதான். பார்க்கவே முடியாத ஒன்று உள்ளே, பாட்டிலில் பிடித்து வைக்கலாம் போல ஒன்று வெளியே. பி.ஓ.டி. 10 மில்லிகிராமுக்கும் கீழே இறங்கியிருக்கும். லேசான மஞ்சள் சாயை மட்டும் சில சமயம் தெரியும்.

இந்தத் தெளிவைப் பார்த்துத்தான் பலரும் ஏமாறுகிறார்கள். அந்தத் தண்ணீரில் டி.டி.எஸ். மீட்டரை விட்டுப் பார்த்தால் சாக்கடையில் இருந்த எண் கிட்டத்தட்ட அப்படியே நிற்கும். "மெம்பரேன் போட்டும் உப்பு குறையலையே, ஏமாத்திட்டாங்க" என்று அடுக்ககச் சங்கக் கூட்டங்களில் சண்டை வருவதுண்டு. யாரும் ஏமாற்றவில்லைங்க. கரைந்த உப்புக்கு முன்னால் 0.1 மைக்ரான் துளை என்பது திறந்து கிடக்கிற கோட்டைக் கதவு. உப்பு வேண்டாம் என்றால் ஆர்.ஓ. வரை போக வேண்டும்.

அடைப்பு

சவ்வு நிலையம் நடத்துகிற யாரிடமும் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள், இரண்டாவது வாக்கியத்தில் அடைப்பு வந்துவிடும். வடிக்க வடிக்கச் சவ்வின் மேல் படலம் படியும். கிருமிகள் தங்களைச் சுற்றிச் சுரக்கும் பிசின்தான் இதில் பெரிய எதிரி. ஓட்டல் சமையலறை எண்ணெய் தடுப்புத் தொட்டியில் நிற்காமல் வந்துவிட்டால் இன்னும் மோசம். படலம் தடிக்கத் தடிக்க, அதே அளவு தண்ணீருக்குப் பம்பு அதிகமாக இழுக்க வேண்டியிருக்கும். சவ்வின் இரு பக்க அழுத்த வித்தியாசத்தைக் காட்டும் மானியின் முள் நாளுக்கு நாள் நகரும். அனுபவமுள்ள ஆபரேட்டர் காலையில் வந்ததும் முதலில் பார்ப்பது அந்த முள்ளைத்தான்.

இதைச் சமாளிக்கப் பல வேலைகள் நடக்கின்றன. இழைகளுக்கு அடியிலிருந்து பெரிய காற்றுக் குமிழிகளை விடுவார்கள். குமிழி மேலேறும்போது இழைகள் ஆடி, ஒன்றோடொன்று உரசி, படிந்ததை உதறும். சில நிமிடம் உறிஞ்சியதும் பம்பை நிறுத்தி இழைக்கு ஓய்வு கொடுப்பார்கள், அல்லது வடித்த தண்ணீரில் கொஞ்சத்தை உள்ளிருந்து வெளியே தள்ளி 'பேக்வாஷ்' எடுப்பார்கள். அப்படியும் போகாததை ரசாயனம் போட்டுக் கழுவ வேண்டும். கரிமப் பிசுக்குக்குச் சோடியம் ஹைப்போகுளோரைட், சுண்ணாம்புப் படிவுக்குச் சிட்ரிக் அமிலம். நம்மூர் உப்புத் தண்ணீரில் இரண்டாவது வேலை கொஞ்சம் அதிகமாகவே இருக்கும்.

எல்லாவற்றையும் விடச் சின்ன விரோதி ஒன்று உண்டு. தலைமுடி. சாதாரணக் கம்பிவலையில் நுழைந்து வந்துவிடும். உள்ளே வந்ததும் இழைகளைச் சுற்றிக்கொண்டு, கசடையும் சேர்த்துப் பிடித்து, கயிறாகத் திரிந்துவிடும். அதைக் காற்றாலும் எடுக்க முடியாது, அமிலத்தாலும் எடுக்க முடியாது. சட்டத்தை வெளியே தூக்கி ஆள் உட்கார்ந்து கையால்தான் பிய்க்க வேண்டும், அப்போது இழை அறுந்தால் அது வேறு நஷ்டம். அதனால்தான் எம்.பி.ஆர். நிலையங்களில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் கண் உள்ள நுண்சல்லடையை முன்னால் வைத்தே ஆக வேண்டும். செலவைக் குறைக்கிறேன் என்று இந்தச் சல்லடையில் கைவைப்பவர்கள் சவ்வை இழக்கிறார்கள். ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் ஏழெட்டு வருடம் வரக்கூடிய சவ்வு, இல்லாவிட்டால் இரண்டே வருடத்தில் குப்பைக்குப் போகும்.

மின்சாரச் செலவையும் சொல்லிவிடுகிறேன். ஆயிரம் லிட்டர் கழிவுநீரை எம்.பி.ஆரில் சுத்திகரிக்க ஏறக்குறைய 0.6 முதல் 1 யூனிட் ஆகும், அதில் பெரும்பகுதி காற்று ஊதவே போய்விடும். மேற்கொண்டு ஆர்.ஓ. வைத்தால் இன்னும் அரை யூனிட்டோ ஒரு யூனிட்டோ கூடும். கடல்நீரைக் குடிநீராக்க மூன்று, நான்கு யூனிட் ஆகிறது என்பதோடு வைத்துப் பார்த்தால் இது மலிவுதான்.

உப்பை எடுக்கும் சவ்வு

மாங்காயை நறுக்கி உப்புப் போட்டு ஜாடியில் வைத்தால் மறுநாள் தண்ணீர் விட்டிருக்கும். மாங்காய்க்குள் இருந்த நீர், உப்பு அதிகமுள்ள வெளிப்பக்கத்தைத் தேடி, செல்களின் சவ்வைக் கடந்து வந்துவிட்டது. இதுதான் சவ்வூடு பரவல். நீர் தானாகப் போவது எப்போதும் உப்பு அதிகமுள்ள பக்கத்துக்குத்தான். அதை எதிர்த்திசையில் போகவைக்க வேண்டுமானால் உப்புப் பக்கத்தில் அழுத்தம் கொடுத்துத் தள்ள வேண்டும். அப்படித் தள்ளுவதுதான் ஆர்.ஓ., எதிர்ச் சவ்வூடு பரவல்.

தத்துவம் பழையது, ஆனால் வேலைக்கு ஆகிற மாதிரி ஒரு சவ்வு நெடுநாள் கிடைக்கவில்லை. உப்பை நிறுத்திய சவ்வுகளில் தண்ணீர் சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது. 1960-ஐ ஒட்டி, கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் சிட்னி லோப் என்பவரும், இந்தியாவில் பிறந்த சீனிவாச சௌரிராஜனும் சேர்ந்து, மேலே மட்டும் மெல்லிய அடர்த்தியான தோலும் கீழே பொறபொறப்பான தாங்கு அடுக்குமாக ஒரு செல்லுலோஸ் அசிட்டேட் சவ்வைச் செய்தார்கள். உப்பை நிறுத்தும் வேலை அந்த மெல்லிய தோலுக்கு மட்டும். தடிமன் குறைந்ததால் தண்ணீர் வேகமாகக் கடந்தது. இன்று நம் சமையலறைச் சுவரில் தொங்குகிற இயந்திரம் வரை அந்த யோசனையின் வாரிசுகள்தான்.

கடல்நீருக்கு 55 முதல் 70 பார் வரை அழுத்தம் தேவை. சுத்திகரித்த கழிவுநீரில் உப்பு குறைவு என்பதால் பத்து, பதினைந்து பார் போதும். உப்பில் 95 சதவீதத்துக்கு மேல் நின்றுவிடும். இன்றைய ஆர்.ஓ. சவ்வுகள் பாலிஅமைடால் ஆனவை, குளோரின் பட்டால் கெட்டுப்போகும். கிருமியைக் கொல்லக் குளோரின் வேண்டும், சவ்வைக் காக்கக் குளோரின் கூடாது. இந்த இழுபறியைச் சமாளிப்பதே தனித் திறமை. முன்னால் எம்.பி.ஆரோ அல்ட்ரா வடிகட்டியோ ஒழுங்காக ஓடவில்லை என்றால் ஆர்.ஓ. சில வாரங்களில் பாசி பிடித்து நின்றுவிடும்.

மிச்சம் எங்கே போகும்

சரி, இப்போது இரண்டாவது பங்குக்கு வருவோம்.

ஆயிரம் டி.டி.எஸ். உள்ள தண்ணீர் நூறு லிட்டரை ஆர்.ஓ.வில் விடுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். 75 லிட்டர் நல்ல தண்ணீராக வந்துவிட்டது. உப்பு எங்கும் போய்விடவில்லை. மீதி 25 லிட்டரில் அத்தனையும் குவிந்து, அதன் டி.டி.எஸ். ஏறக்குறைய நாலாயிரம் ஆகிவிட்டது. வீட்டு இயந்திரத்தின் மெல்லிய குழாய் வழியாகச் சிங்க்கில் ஓடுகிற 'ரிஜெக்ட்' தண்ணீர் போலத்தான் இதுவும். வீட்டில் அதைக் கண்டுகொள்வதில்லை. ஒரு நகரமே செய்தால் கண்டுகொள்ளாமல் இருக்க முடியாது.

சிங்கப்பூர் 2003 முதல் 'நியூவாட்டர்' என்ற பெயரில் கழிவுநீரை அல்ட்ரா வடிகட்டி, ஆர்.ஓ., புற ஊதா ஒளி என்ற வரிசையில் சுத்திகரித்துப் பயன்படுத்துகிறது. கலிபோர்னியாவின் ஆரஞ்சு கவுண்டி 2008 முதல் இதே மாதிரி சுத்திகரித்து நிலத்தடிக்கு அனுப்புகிறது. சென்னையில் கோயம்பேட்டிலும் கொடுங்கையூரிலும் நாளொன்றுக்குத் தலா 4.5 கோடி லிட்டர் அளவில் ஆர்.ஓ. நிலையங்கள் 2019-இல் வந்தன, தண்ணீர் தொழிற்சாலைகளுக்குப் போகிறது. மூன்றுமே கடலோர ஊர்கள். சிங்கப்பூரும் ஆரஞ்சு கவுண்டியும் மிச்சத் தண்ணீரைக் கடலில் விடுகின்றன.

நமக்கு இருப்பது நொய்யல். வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவை, திருப்பூர் வழியாக வந்து, கரூர் மாவட்டத்தில் நொய்யல் என்ற ஊருக்கு அருகே காவிரியில் சேர்கிறது. அதில் உப்பை விட்டால் என்ன ஆகும் என்பதை நாம் யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. சென்னிமலைப் பக்கம் ஒரத்துப்பாளையத்தில் 1992-இல் விவசாயத்துக்கென்று ஓர் அணை கட்டினார்கள். சில வருடங்களிலேயே அது திருப்பூர்ச் சாயக்கழிவு தேங்கும் குட்டையாகிவிட்டது. சுற்றியிருந்த கிணறுகள் உப்பேறின. பாசனத்துக்குத் தண்ணீர் கேட்ட விவசாயிகளே அணையில் தேக்காதீர்கள் என்று போராடினார்கள். கடைசியில் 2011 ஜனவரியில், கழிவை வெளியே விடாத நிலையை எட்டாத சாயப்பட்டறைகளை மூடும்படி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. ஊரே ஸ்தம்பித்த காலம் அது.

அதற்கப்புறம் திருப்பூர் கற்றுக்கொண்டதுதான் இந்தத் துறையில் நம் சொத்து. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் சாயத்தண்ணீர் உயிர்த்தொட்டி, வடிகட்டி, அடுக்கடுக்கான ஆர்.ஓ. எல்லாம் கடந்து வருகிறது. மிச்ச உப்புநீரில் ஒரு பகுதியைச் சாயமேற்றும் வேலைக்கே திருப்பி அனுப்புகிறார்கள். ஏனென்றால் சாயம் துணியில் பிடிக்க எப்படியும் உப்புப் போட்டாக வேண்டும். அதற்கும் மிஞ்சியதை எவாப்பரேட்டரில் காய்ச்சி ஆவியாக்குகிறார்கள். பாய்லருக்கு எரிபொருள், ஆள் கூலி, கடைசியில் எதற்கும் உதவாமல் மூட்டை மூட்டையாகக் கொட்டகையில் சேரும் கலப்பு உப்பு. ஆவியாக்கும் இந்தக் கடைசிக் கட்டத்தின் செலவு, சவ்வுக்கு ஆகும் செலவைவிடப் பல மடங்கு.

சாயத்தண்ணீரின் டி.டி.எஸ். ஐயாயிரத்துக்கு மேல் இருக்கும். அதையே சுத்திகரிக்கத் தெரிந்த ஊருக்கு ஊர்ச் சாக்கடை ஒன்றும் பெரிய விஷயமில்லை. ஆனால் ஒரு மீட்டர் துணிக்கு இவ்வளவு என்று செலவை ஏற்றிவைக்க முடிந்த பட்டறைக்குக் கட்டுப்படியாகிற முறை, தண்ணீர் வரியே ஒழுங்காக வசூலாகாத நகராட்சிக்குக் கட்டுப்படியாகாது. அதனால் என் கருத்து இதுதான்: கொங்கு நாட்டு நகரங்கள் எல்லாக் கழிவுநீரையும் ஆர்.ஓ. வரை கொண்டுபோக ஆசைப்படக் கூடாது. எம்.பி.ஆர். அல்லது அல்ட்ரா வடிகட்டியோடு நிறுத்தினால் மிச்சமாவது கசடு மட்டும். அதைப் பிழிந்து, காயவைத்து, கன உலோகம் இல்லை என்று சோதித்துவிட்டு உரமாக்கலாம். உப்பு, வந்த அளவிலேயே தண்ணீரோடு போகும், ஓரிடத்தில் குவியாது. கக்கூஸ் கழுவ, பூங்காவுக்கு, கட்டட வேலைக்கு, குளிர்கோபுரத்துக்கு, தீவனப்புல்லுக்கு, தென்னைக்கு இது போதும். தென்னை ஓரளவு உப்பைத் தாங்கும், அந்தத் தண்ணீரில் மிச்சமிருக்கும் தழைச்சத்தும் மணிச்சத்தும் அதற்கு லாபம். மண்ணில் சோடியம் ஏறுகிறதா என்று மட்டும் வருடத்துக்கு ஒருமுறை சோதித்துக்கொள்ள வேண்டும். உப்பில்லாத தண்ணீரே வேண்டும் என்கிற தொழிற்சாலை, இந்த வடித்த தண்ணீரை வாங்கித் தன் சொந்த ஆர்.ஓ.வில் விட்டுக்கொள்ளட்டும். மிச்சத்துக்கான பொறுப்பும் அதோடு போய்விடும்.

குடிக்கலாமா?

"ஏனுங்க, சாக்கடைத் தண்ணியவா குடிக்கச் சொல்றீங்க?" என்ற கேள்வி கட்டாயம் வரும்.

தொழில்நுட்பத்தைப் பொறுத்தவரை, முடியும். நமீபியாவின் தலைநகர் விந்தோக் 1968 முதல் குடித்துக்கொண்டிருக்கிறது. அந்த ஊரும் நம்மைப் போலக் கடலிலிருந்து தள்ளி இருக்கிற வறண்ட ஊர்தான். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும், அங்கே ஆர்.ஓ. கிடையாது. ஓசோன், செயலூட்டிய கரி, அல்ட்ரா வடிகட்டி என்று ஒன்றன்பின் ஒன்றாகப் பல தடைகளை வைத்து, வந்த தண்ணீரை மற்ற நல்ல தண்ணீரோடு கலந்து கொடுக்கிறார்கள். கலப்பு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வரை. தொழிற்சாலைக் கழிவு அந்தச் சாக்கடையில் கலக்காமல் ஆரம்பத்திலேயே பிரித்துவைத்தது அவர்கள் கெட்டிக்காரத்தனம். சந்து சந்தாகச் சின்னச் சின்னப் பட்டறைகள் இருக்கிற நம் ஊர்களில், முலாம் பூசும் பட்டறைத் தண்ணீர் எந்தச் சாக்கடையில் விழுகிறது என்று உறுதியாகச் சொல்ல முடியாதவரை, குடிப்பது பற்றிய பேச்சைத் தள்ளிவைப்பதே நல்லது.

அப்புறம், நாம் அதைக் குடிக்க வேண்டிய அவசியமும் இப்போதைக்கு இல்லை. சிங்கப்பூரிலேயே நியூவாட்டரில் பெரும்பங்கு தொழிற்சாலைக்குத்தான் போகிறது. தொழிற்சாலையும் தோட்டமும் இன்று இழுக்கும் நல்ல தண்ணீருக்குப் பதிலாக வடித்த தண்ணீரைக் கொடுத்தால், அந்த அளவுக்குப் பில்லூர் அணைத் தண்ணீரும் சிறுவாணித் தண்ணீரும் வீடுகளுக்கு மிஞ்சும். சாக்கடை கலந்த தண்ணீர் என்று முகம் சுளிக்கிறவர்களுக்கு ஒன்று: மேல்மடை ஊர்களின் கழிவு பவானியிலும் காவிரியிலும் கலக்க, கீழ்மடை ஊர்கள் அதே ஆற்றிலிருந்து குடிநீர் எடுப்பது காலங்காலமாக நடக்கிறது. அதைத் திட்டமிட்டு, அளந்து, சோதித்துச் செய்வதைத்தான் மறுசுழற்சி என்கிறோம்.

உங்கள் அடுக்ககத்தில் ஒன்று இருந்தால்

சங்கப் பொறுப்பில் இருப்பவர்கள் தொட்டியடிக்கு வாரம் ஒருமுறையாவது போய்வருவது நல்லது. பழுப்புக் கசடு நன்றாகக் குமிழிவிட்டுக் கொதிக்கிறதா, மண் வாசம்தானா, அழுத்தமானியின் முள் போன வாரம் எங்கே இருந்தது, இந்த வாரம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். நுண்சல்லடையில் சேரும் முடியையும் குப்பையையும் தினமும் எடுக்கிறார்களா என்று கேளுங்கள். வடித்த தண்ணீர் திடீரென்று கலங்கினால் எங்கோ இழை அறுந்திருக்கிறது.

கக்கூஸ் தொட்டிக்குப் போகும் மறுசுழற்சிக் குழாயும் நல்ல தண்ணீர்க் குழாயும் எந்த இடத்திலும் சேரக் கூடாது. பிளம்பர் அவசரத்துக்கு மாற்றி இணைத்துவிடுவது நடக்கக்கூடிய விஷயம். அதனால் இரண்டுக்கும் வேறு வேறு நிறம் அடித்துவைக்க வேண்டும். சவ்வு பாக்டீரியாவை நிறுத்தினாலும் தேக்கிவைத்த தொட்டியில் திரும்ப வளரும் என்பதால், கொஞ்சம் குளோரின் கலந்தே வைக்க வேண்டும்.

புதிதாக வாங்கப்போகிறீர்கள் என்றால், விலைப்புள்ளியில் இயந்திரத்தின் விலைக்குக் கீழே இரண்டு வரி சேர்த்துக் கேட்டு வாங்குங்கள்: சவ்வு மாற்றும்போது என்ன செலவாகும், எத்தனை வருடத்துக்கு எழுத்தில் உத்தரவாதம் தருவார்கள் என்பது ஒரு வரி. கசடும், ஆர்.ஓ. இருந்தால் அதன் ரிஜெக்ட் தண்ணீரும், எந்த வண்டியில் ஏறி எங்கே போய் இறங்கும் என்பது இன்னொரு வரி. "அது பிரச்சினை இல்லைங்க, வெளிய விட்டுக்கலாம்" என்று பதில் வந்தால் வேறு ஆளைப் பார்க்கலாம்.